'எதற்கும் இருக்கட்டும்' என்கிற எமன்

ஊருக்குக் கிளம்பும்போது பையில் கடைசியாக ஏறும் சாமான்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு குடை, ஒரு பழைய டார்ச், நாலு ஊக்கு, கொஞ்சம் சணல் கயிறு, எப்போதோ வாங்கிய மாத்திரை அட்டை. எதற்கு இதெல்லாம் என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும்: "எதற்கும் இருக்கட்டும்."

பேருந்துப் பயணத்தில் இதனால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. மிஞ்சிப் போனால் தோள் வலிக்கும், பக்கத்து சீட்டுக்காரர் முறைப்பார். ஆனால் இதே புத்தியோடு ஒருவர் தண்ணீருக்கு அடியில் 60 மீட்டர் ஆழத்துக்கு, அதுவும் ஒரு இருட்டுக் குகைக்குள் போனால் என்ன ஆகும்? பையில் இருந்த அந்த சணல் கயிறே அவர் கழுத்தைச் சுற்றும்!

டெக்னிக்கல் டைவிங் செய்பவர்களிடம் இன்றைக்கும் இந்த 'எதற்கும் இருக்கட்டும்' வியாதி இருக்கிறது. மார்பில் நாலு கொக்கி, இடுப்பில் மூன்று டார்ச், காலில் ஒரு முழ நீளக் கத்தி, பக்கவாட்டில் ஊஞ்சலாடும் நூல் சுருள்கள், கேமரா, கேமராவுக்கு ஒரு விளக்கு, அந்த விளக்குக்கு ஒரு கை... கேட்டால் "பாதுகாப்புக்காக" என்பார்கள். இது பாதுகாப்பே இல்லை. பாதுகாப்பு மாதிரி வேஷம் போட்ட ஆபத்து. ஒரு பொருள் உயிரைக் காப்பாற்றுமா என்று கேட்பதற்கு முன்னால் அது உயிரை எடுக்குமா என்று கேட்கத் தெரியாதவர், எவ்வளவு விலை உயர்ந்த சாமான்களை வாங்கினாலும் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மேலே போக வழி கிடையாது

முதலில் டெக்னிக்கல் டைவிங் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பவளப் பாறையும் வண்ண மீனும் பார்க்கப் போகும் சாதாரண ஸ்கூபா டைவிங்கிற்கு 40 மீட்டர்தான் எல்லை. அங்கே எது கெட்டுப் போனாலும் கடைசியாக ஒரு வழி உண்டு. மெதுவாக மேலே வந்துவிடலாம். தலைக்கு மேலே காற்று இருக்கிறது.

டெக்னிக்கல் டைவிங்கில் அந்த வழி அடைபட்டுப் போகிறது. அடைப்பு இரண்டு விதம். ஒன்று கண்ணுக்குத் தெரியும்: குகையின் பாறைக் கூரை, மூழ்கிய கப்பலின் இரும்புத் தளம். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது. ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசிக்கும் நைட்ரஜனும் ஹீலியமும் உடம்பில் கரைந்து நிற்கும். சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தால் எப்படிப் பொங்குகிறதோ, அப்படித்தான் சட்டென்று மேலே வந்தவரின் ரத்தத்திலும் திசுக்களிலும் குமிழிகள் கிளம்பும். பக்கவாதம் வரலாம், உயிரே போகலாம். அதனால் மேலே வரும் வழியில் குறிப்பிட்ட ஆழங்களில் நின்று நின்று வர வேண்டும். சில சமயம் மணிக்கணக்கில்.

ஆக, என்ன கோளாறு நடந்தாலும் அதை அந்த இடத்திலேயே, அந்த இருட்டிலேயே, கையில் இருப்பதை வைத்தே சரி செய்தாக வேண்டும். 'கையில் இருப்பது' என்ற வார்த்தை முக்கியம். உடம்பில் எங்கோ தொங்குகிறது என்பதும் கையில் இருக்கிறது என்பதும் ஒன்றாகிவிடாது.

ஒரு நிமிடத்தின் விலை

சாமான் அதிகமானால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு எளிய கணக்கு.

அமைதியாக இருக்கும் ஒரு டைவர் தரைமட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று சுவாசிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 7 மடங்கு. அதனால் அதே மூச்சுக்கு நிமிடத்துக்கு 140 லிட்டர் செலவாகும். முதுகில் 12 லிட்டர் சிலிண்டர் இரண்டு, 200 பார் அழுத்தத்தில் நிரப்பியது. மொத்தம் 4800 லிட்டர். குகைக்காரர்களின் மூன்றில் ஒரு பங்கு விதிப்படி உள்ளே போக 1600, வெளியே வர 1600, மீதி 1600 ஆபத்துக்கு.

இப்போது இடுப்பில் தொங்கிய ஒரு நூல் சுருள் அவிழ்ந்து துடுப்பில் சிக்குகிறது. இருட்டு. கலங்கிய தண்ணீர். பதற்றத்தில் மூச்சு இரண்டு மடங்காகிறது. நிமிடத்துக்கு 280 லிட்டர். அவிழ்க்க இரண்டே நிமிடம் ஆனது என்றாலும் 560 லிட்டர் காலி! ஆபத்துக்கு வைத்த 1600 லிட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. அந்த 1600 லிட்டரும் அவருக்கு மட்டும் சொந்தமில்லை. கூட வந்தவரின் காற்று தீர்ந்துபோனால் அவருக்கும் சேர்த்துத்தான் அது.

ஒரு பொருளுக்குக் கடையில் கொடுக்கும் விலை ஒரு முறை. தண்ணீருக்குள் அது கேட்கும் விலை ஒவ்வொரு முறையும். தொங்கும் ஒவ்வொரு பொருளும் தண்ணீரை எதிர்த்து இழுக்கிறது. இழுவை கூடினால் உழைப்பு கூடும், உழைப்பு கூடினால் மூச்சு கூடும். கணக்குப் புத்தகத்தில் சொத்து என்று எழுதி வைத்த பொருள், தண்ணீரில் கடன் பக்கத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. பொருளாதாரப் பாடத்தில் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று ஒன்று உண்டு. முதல் இட்லிக்கு இருக்கும் ருசி பத்தாவது இட்லிக்கு இருக்காது. அங்கேயாவது பத்தாவது இட்லியை வேண்டாம் என்று ஒதுக்கிவிடலாம். இங்கே பத்தாவது பொருள் கூடவே வரும், எங்காவது மாட்டிக்கொள்ளும்.

ஃப்ளோரிடா கற்றுக்கொடுத்த பாடம்

இதெல்லாம் மேஜையில் உட்கார்ந்து போட்ட கணக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் மைல் கணக்கில் நீர்க்குகைகள் ஓடுகின்றன. ஜின்னி ஸ்பிரிங்ஸ், பீகாக் ஸ்பிரிங்ஸ், வக்குல்லா ஸ்பிரிங்ஸ் எல்லாம் அங்கேதான். கண்ணாடி மாதிரித் தண்ணீர். பார்த்தால் குளிக்கத் தோன்றும். அந்தக் கண்ணாடித் தண்ணீருக்குள்தான் 1960களிலும் 70களிலும் நூற்றுக்கணக்கானவர்கள் செத்துப் போனார்கள்.

ஷெக் எக்ஸ்லி என்ற கணித ஆசிரியர் அந்தச் சாவுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். 1979இல் சிறிய புத்தகமாகவும் எழுதினார். வெளிவாசல் வரை அறுபடாத வழிகாட்டி நூல், திரும்பி வரவும் ஆபத்துக்கும் மூன்றில் இரண்டு பங்கு காற்று, அளவுக்கு மீறாத ஆழம். இந்த மூன்றை மீறியவர்கள்தான் செத்தவர்களில் பெரும்பாலோர். பின்னால் இவற்றோடு முறையான பயிற்சி, மூன்று விளக்கு என்று இரண்டு சேர்ந்தன. இன்றைக்கும் குகை டைவிங் வகுப்புகளில் சொல்லித் தருவது இந்த ஐந்தைத்தான்.

இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ஐந்தில் கையில் எடுத்துப் போகிற சாமான் எத்தனை? நூலும் விளக்கும் மட்டும். மீதி மூன்றும் மண்டைக்குள் இருக்க வேண்டியவை. கடையில் கிடைக்காது. எக்ஸ்லியும் 1994இல் மெக்சிகோவின் சகாத்தோன் என்ற ஆழமான நீர்ப்பள்ளத்தில் 1000 அடியைத் தொடப் போய் உயிர் விட்டார். அனுபவம் கூட முழுக் கவசம் ஆகாது. அப்படி இருக்கும்போது கொக்கியும் கத்தியுமா கவசம் ஆகப் போகிறது?

இன்னும் வேடிக்கையான ஒரு விதி ஜின்னி ஸ்பிரிங்ஸில் இருக்கிறது. அங்கே டெவில்ஸ் என்று பெயர் வைத்த ஊற்றுக் குகைப் பகுதியில், குகைப் பயிற்சி இல்லாத டைவர்கள் டார்ச் கொண்டு போகவே அனுமதி கிடையாது. டார்ச் பாதுகாப்புப் பொருள்தானே, அதைப் போய் ஏன் தடுக்கிறார்கள்? காரணம் எளிது. கையில் டார்ச் இருந்தால் உள்ளே எட்டிப் பார்க்கத் தோன்றும். எட்டிப் பார்த்தவன் இன்னும் கொஞ்சம் என்று போவான். டார்ச் இல்லாதவன் வெளிச்சம் முடியும் இடத்திலேயே திரும்பிவிடுவான். அதே ஊரில் பால்ரூம் என்ற இன்னொரு குகையில் டார்ச்சுக்குத் தடை இல்லை. அங்கே ஆழமான பகுதிக்குப் போகும் வழியை இரும்புக் கம்பி வைத்து அடைத்திருக்கிறார்கள்.

ஒரே பொருள்தான். பயிற்சி உள்ளவன் கையில் அது உயிர். இல்லாதவன் கையில் அது தூண்டில். கருவி தனியாக யாரையும் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஹோகார்த் என்ன செய்தார்?

இதே ஃப்ளோரிடாவில் பில் ஹோகார்த் மெயின் என்ற குகை டைவர் ஒரு எளிய வேலை செய்தார். தன் உடம்பில் இருந்த தேவையற்ற ஒவ்வொன்றையும் கழற்றிக்கொண்டே வந்தார். மிஞ்சியதை ஒழுங்குபடுத்தினார். அவருடைய நடுப்பெயரை வைத்து அந்த அமைப்புக்கு ஹோகார்தியன் என்று பெயர் வந்தது. 1990களில் வக்குல்லா குகைகளை ஆராய்ந்த குழுவினர் அதை இன்னும் கறாராக்கினார்கள். அந்தக் குழுவைச் சேர்ந்த இருவர் 2007 டிசம்பரில் டர்னர் சிங்க் என்ற இடத்தில் இறங்கி வக்குல்லா ஊற்றில் வெளியே வந்தார்கள். கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர், சுமார் 90 மீட்டர் ஆழத்தில். 'குறைவாக எடுத்துப் போனால் தூரம் போக முடியாது' என்பவர்கள் இந்தப் பயணத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். அவர்கள் எடுத்துப் போன சிலிண்டர்களும் நீரடி வண்டிகளும் கொஞ்சம் இல்லை. ஆனால் காரணம் இல்லாமல் ஒரு கொக்கி கூட அவற்றில் இல்லை.

அந்த அமைப்பில் என்ன எங்கே இருக்கும்? வாயில் இருக்கும் ரெகுலேட்டரின் குழாய் 7 அடி நீளம். மாற்று ரெகுலேட்டர் ஒரு ரப்பர் வளையத்தில் தாடைக்குக் கீழே கழுத்து மாலை மாதிரி. முதன்மை விளக்கின் பேட்டரி வலது இடுப்பில். மாற்று விளக்குகள் இரண்டும் தோள்பட்டை வார்களில், ஆடாமல் இருக்க ஒரு ரப்பர் பட்டைக்குள் செருகி. அந்தப் பட்டை வேறொன்றும் இல்லை, பழைய சைக்கிள் ட்யூபை வெட்டினாலே போதும்! கத்தி சின்னது, இடுப்பு வாரில், எந்தக் கையாலும் எடுக்கிற மாதிரி. மாற்று முகக் கண்ணாடி, தண்ணீரில் எழுதும் நோட்டு, சின்ன நூல் சுருள் எல்லாம் தொடைப் பைக்குள். வெளியே ஒன்றும் தொங்காது.

காலில் கட்டும் பெரிய கத்தி ஏன் கூடாது? சினிமாவில் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் காலில் நீட்டிக்கொண்டிருக்கும் பிடிதான் வழிகாட்டி நூலை முதலில் போய் பிடிக்கும். நூலை அறுப்பதற்கு வாங்கிய பொருளே நூலில் சிக்க வைக்கிறது. ஒரு குறுகிய பொந்துக்குள் மாட்டிக்கொண்டவரின் கை கணுக்கால் வரைக்கும் எட்டவும் எட்டாது.

கொக்கியிலும் சாவு உண்டு

சின்ன விஷயம் என்று எல்லோரும் ஒதுக்குவது கொக்கிகளை. ஆனால் கொக்கியில்தான் ஒரு டைவரின் புத்தி தெரியும்.

நாய்ச் சங்கிலியின் முனையில் ஒரு கொக்கி இருக்கும். கட்டை விரலால் ஒரு குமிழைப் பின்னுக்கு இழுத்தால்தான் திறக்கும். போல்ட் ஸ்னாப் என்பது கிட்டத்தட்ட அதுதான். நூல் தானாகப் போய் அதற்குள் நுழைவது அரிது. சாவிக்கொத்துகளில் இருக்கும் இன்னொரு வகை உண்டு. வெளியிலிருந்து அழுத்தினாலே கதவு மாதிரி உள்ளே திறந்து, மறுபடி மூடிக்கொள்ளும். மாட்ட ரொம்ப வசதி. அதே வசதி வழிகாட்டி நூலுக்கும் உண்டு! நூல் உரசிக்கொண்டு போகும்போது சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிடும், வெளியே வராது. டைவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'தற்கொலைக் கொக்கி'. பெயரைக் கேட்ட பிறகும் மாட்ட வசதி என்று வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் கொடுமை.

அடுத்தது, இரும்பை இரும்போடு மாட்டுவது. ஒரு விளக்கை உலோக வளையம் வழியாகக் கொக்கியில் கோர்த்தால் அந்தக் கொக்கி துருப்பிடித்தோ மண் புகுந்தோ இறுகிப் போனால் என்ன செய்வது? கத்தியால் இரும்பை வெட்ட முடியுமா? அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கொக்கியையும் பொருளையும் நைலான் நூலால் கட்டுகிறார்கள். கொக்கி திறக்காவிட்டால் நூலை அறுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அந்த நூல் என்ன விலை இருக்கும்? டீக்காசு கூட ஆகாது.

அதே விலையில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. மேலே வரும் வழியில் சுவாசிக்க டைவர்கள் பக்கவாட்டில் தனி சிலிண்டர்கள் எடுத்துப் போவார்கள். 50 சதவீத ஆக்சிஜன் கலவையை 21 மீட்டருக்குக் கீழே சுவாசிக்கக் கூடாது. சுத்த ஆக்சிஜனை 6 மீட்டருக்குக் கீழே தொடக் கூடாது. தொட்டால் வலிப்பு வரும், வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவும், மூழ்க வேண்டியதுதான். இதைத் தடுப்பது எது? சிலிண்டரில் ஒட்டிய ஒரு பட்டையில் பெரிய எழுத்தில் எழுதிய '21', '6' என்ற எண்கள். சாமானுக்குக் கடை கடையாக அலைந்தவர்கள் இந்த எண்ணை எழுத மறந்த கதையும், எழுதியதைப் படிக்காமல் வாயில் வைத்த கதையும் டைவிங் உலகில் புதிதில்லை.

270 மீட்டரில் ஒரு விளக்கு

தென்னாப்பிரிக்காவில் பூஸ்மான்ஸ்காட் என்று ஒரு நீர்க்குகை. உலகின் மிக ஆழமான நன்னீர்க் குகைகளில் ஒன்று. 1994இல் 20 வயது இளைஞர் ஒருவர் அங்கே மூழ்கி இறந்தார். பத்து ஆண்டு கழித்து, 2004 அக்டோபரில், டேவ் ஷா என்ற ஆஸ்திரேலிய விமானி 270 மீட்டர் ஆழத்தில் அந்த உடலைக் கண்டார். அதை மேலே கொண்டுவந்து பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று முடிவு செய்தார். 2005 ஜனவரி 8 அன்று ஒரு பெரிய குழுவோடு திரும்பி வந்தார்.

திட்டம் எளிமையானது. உடலைப் பைக்குள் போட்டு கயிற்றில் கட்டுவது. அதற்கு இரண்டு கையும் வேண்டும். அந்தக் காலத்துக் குகை விளக்குகளில் விளக்கு ஒரு பக்கம், கனமான பேட்டரி ஒரு பக்கம், நடுவில் ஒரு வயர். இரண்டு கையும் தேவைப்படும்போது வயரைக் கழுத்துக்குப் பின்னால் போட்டு விளக்கைத் தொங்கவிடுவது வழக்கம். அன்று அது முடியாமல் போனது. விளக்கைத் தரையில் வைத்தார். உடற்பையின் கயிறுகள் அந்த விளக்கில் சிக்கின. விடுவிக்கப் போராடினார். அந்த ஆழத்தில் சுவாசிக்கும் வாயுவே கெட்டியாக இருக்கும். உழைப்பு கூடக் கூட உடம்பில் சேரும் கரியமில வாயுவை மூச்சால் வெளியேற்ற முடியவில்லை. அவருடைய ஹெல்மெட்டில் இருந்த கேமரா இதையெல்லாம் பதிவு செய்தது. அந்தப் பதிவை வைத்துத்தான் பின்னர் மருத்துவர்கள் அவர் எப்படி இறந்தார் என்று எழுதினார்கள்.

நான்கு நாள் கழித்துக் கயிற்றையும் சாமான்களையும் மேலே எடுத்தபோது இரண்டு உடல்களும் சேர்ந்தே மேலே வந்தன. கொடுத்த வாக்கை இறந்த பிறகு நிறைவேற்றினார் ஷா.

அந்த மனிதரின் துணிவையும் நல்ல மனசையும் யாரும் குறை சொல்ல முடியாது. அவர் கத்துக்குட்டியும் இல்லை. அந்த ஆழமே மனித உடம்பின் எல்லையில் இருப்பது என்பதும் உண்மைதான். ஆனால் முடிச்சு விழுந்த இடம் எது? சாதனைக் கருவிகளில் விழவில்லை. ஒரு விளக்கு வைத்த இடத்தில் விழுந்தது. அவ்வளவு பெரிய ஆளுக்கே இந்தக் கதி என்றால், சனி ஞாயிறு டைவர் ஒருவர் மார்பில் நாலு வயரைத் தொங்கவிட்டுக்கொண்டு "ஒன்றும் ஆகாது" என்று சொல்வதை என்னவென்று சொல்வது?

எதிர்த் தரப்பு என்ன சொல்கிறது?

முதல் வாதம்: "ஒன்று கெட்டால் இன்னொன்று வேண்டாமா? அதனால்தான் இரண்டு இரண்டாக எடுத்துப் போகிறோம்." வேண்டும்தான். எதற்கு என்பதுதான் கேள்வி. எது இல்லாவிட்டால் உயிரோடு வெளியே வர முடியாதோ அதற்கு மட்டும் மாற்று வேண்டும். காற்று, வெளிச்சம், வழிகாட்டி நூல், முகக் கண்ணாடி, அறுக்கும் கருவி, ஆழமும் நேரமும் காட்டும் கருவி. பட்டியல் அத்தோடு முடிந்தது. இதில் இன்னொரு விஷயத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மாற்று விளக்கு பயணத்தைத் தொடர்வதற்குக் கிடையாது. ஒரு விளக்கு அணைந்த நொடியே பயணம் முடிந்தது, திரும்ப வேண்டும். "இன்னும் இரண்டு இருக்கிறதே" என்று உள்ளே போகிறவருக்கு மூன்று என்ன, முப்பது விளக்கு கொடுத்தாலும் போதாது.

இரண்டாவது வாதம்: "அவரவர் உடம்பு, அவரவர் வசதி. எங்கே மாட்ட வேண்டும் என்று சொல்ல நீ யார்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டெக்னிக்கல் டைவர் தனி ஆள் இல்லை. காற்று தீர்ந்த நண்பன் இருட்டில் தடவிக்கொண்டு வரும்போது அவனுக்குத் தேவை வேலை செய்யும் ஒரு ரெகுலேட்டர். அது எங்கே இருக்கும் என்று அவன் தேடக் கூடாது. வாயில் இருப்பதையே எடுத்துக் கொடுக்கும் முறை அதற்காகத்தான். 7 அடிக் குழாயும் அதற்காகத்தான். ஒருவர் பின் ஒருவராக மட்டுமே போக முடிகிற பொந்தில் இரண்டு பேரும் அந்த ஒரே சிலிண்டரிலிருந்து சுவாசித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அந்தக் குழாயை அழகாகச் சுருட்டி ரப்பரில் அடைத்து, மேலே கேமராவையும் மாட்டியிருப்பவர் தன் வசதியை நண்பனின் உயிரால் வாங்குகிறார்.

மூன்றாவது வாதம்: "இதெல்லாம் பழைய காலத்து விதி. இப்போது கருவிகள் முன்னேறிவிட்டன." முன்னேறியதை யார் மறுத்தது? எல்.ஈ.டி.யும் லித்தியம் பேட்டரியும் வந்த பிறகு வயரே இல்லாத நல்ல விளக்குகள் கிடைக்கின்றன. சிலிண்டரை முதுகில் இல்லாமல் பக்கவாட்டில் மாட்டும் முறையும் பரவலாகிவிட்டது. ஹோகார்த்தின் அமைப்பு அப்படியே அதற்குப் பொருந்தாது. ஆனால் இந்த முன்னேற்றத்தின் திசையைப் பாருங்கள். வயர் போனது, பேட்டரிப் பெட்டி சின்னதானது. நல்ல முன்னேற்றம் பொருளைக் குறைக்கிறது! மிச்சமான இடத்தில் இன்னும் நாலு பொருளை மாட்டுபவர் முன்னேறவில்லை, வெறுமனே வாங்கியிருக்கிறார்.

நியாயத்துக்கு இந்தப் பக்கத்தின் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். குறைவாக எடுத்துப் போ என்ற நல்ல கருத்தைச் சிலர் மதமாகவே ஆக்கிவிட்டார்கள். தங்கள் முறையைப் பின்பற்றாதவர்களை 'ஸ்ட்ரோக்' என்று இழிவாக அழைத்தார்கள். விளைவு? திட்டு வாங்கியவர்கள் திட்டை மட்டுமே கேட்டார்கள், அதற்குள் இருந்த உயிர் காக்கும் காரணத்தைக் கேட்கவில்லை. காரணம் தெரியாமல் கறுப்பு உடையும் அதே பிராண்டும் வாங்கி மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. அதுவும் 'எதற்கும் இருக்கட்டும்' வியாதியின் இன்னொரு முகம்தான். அங்கே பொருளை நம்பினார்கள், இங்கே சீருடையை நம்பினார்கள். இரண்டு இடத்திலும் யோசிக்கும் வேலையை வேறு யாரிடமோ ஒப்படைத்துவிட்டார்கள்.

சந்தை ஒருபோதும் 'போதும்' என்று சொல்லாது

இதில் வியாபாரத்தின் பங்கு பெரிது. எந்தக் கடையிலாவது "இது உங்களுக்கு வேண்டாம், இருப்பதை ஒழுங்காக மாட்டிப் பழகுங்கள்" என்று விளம்பரம் உண்டா? பயத்தைப் போல விற்பனையைக் கூட்டும் சரக்கு வேறில்லை. "ஆபத்தில் உதவும்" என்று அட்டையில் எழுதினால் போதும், வாங்குபவர் பணம் கொடுத்து நிம்மதியை வாங்கிவிடுகிறார். அந்த நிம்மதிதான் உண்மையில் ஆபத்து. பயிற்சிக்கு நேரம் வேண்டும், வியர்வை வேண்டும், தன் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். பொருளுக்குப் பணம் மட்டும் போதும். அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு தன் மாற்று விளக்கை எடுக்கத் தெரியாத டைவரிடம் மூன்றாவது கத்தி இருக்கிறது.

அப்படியானால் ஒரு பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது? நான்கு கேள்வி போதும். இது இல்லாமல் இந்த டைவிலிருந்து உயிரோடு திரும்ப முடியுமா? முடியும் என்றால், எடுத்துப் போக வேறு என்ன காரணம்? கண்ணை மூடிக்கொண்டு, கையுறை போட்ட ஒரே கையால் இதை எடுத்து, பயன்படுத்தி, திரும்ப அதே இடத்தில் வைக்க முடியுமா? சிக்கிக்கொண்டால் இதை அறுத்து எறிய முடியுமா? கூட வருபவருக்கு இது எங்கே இருக்கிறது என்று தெரியுமா? முதல் கேள்வியில் நல்ல காரணம் கிடைத்து, மற்ற மூன்றுக்கும் ஆமாம் என்ற பதில் வந்தால் எடுத்துப் போகலாம். ஒன்று தட்டினாலும் பொருள் கரையிலேயே இருக்கட்டும். பிராண்டும் நிறமும் விலையும் அதற்கு அப்புறம்.

இந்தச் சோதனையை ஆழத்தில் போய்ச் செய்யவும் வேண்டாம். ஐந்து மீட்டர் நீச்சல் குளத்தில் முகக் கண்ணாடியைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு செய்யலாம். எடுக்க முடியாத பொருள் அங்கேயே தெரிந்துவிடும். அவமானம் மட்டும்தான் மிஞ்சும். அவமானத்தால் இதுவரை யாரும் மூழ்கிச் செத்ததில்லை.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் பெரியவர்கள். ஆழம் தெரிந்தே காலை விடுகிற இந்தக் கூட்டத்துக்கு இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலில் என்ன கட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு விடு. ஃப்ளோரிடாவின் குகை வாசல்களில், இதற்கு மேல் உள்ளே போகாதே என்று எச்சரிக்கும் பலகை ஒன்று இருக்கிறது. கையில் அரிவாளோடு எமன் மாதிரி ஒரு எலும்புக்கூட்டுப் படம் அதில் வரைந்திருக்கும். அந்த எமன் எருமை மேல் வருவதில்லை. 'எதற்கும் இருக்கட்டும்' என்று மாட்டிய கொக்கியைப் பிடித்துக்கொண்டு, நம்மோடே உள்ளே வருகிறான்.

கொக்கியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள். திரும்பி வந்து மாட்டிக்கொள்ளலாம்.